கதியாலில் தொடங்கிய புத்தகம்

எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் வரும். அட்டையில் அவருடைய படம், உள்ளே பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். நடுவில் எங்காவது வம்சாவளி என்று ஒரு மரம் நிற்கும். அந்த மரத்தை ஒருநாள் ஆறுதலாகப் பாருங்கள். கொம்பியூட்டரில் ஏற்கெனவே கிடக்கிற படம். இலை ஏதோ குளிர்நாட்டு இலை, அதில் எங்கள் கந்தையாக்களும் செல்லம்மாக்களும்.

அக்காவின் கல்வெட்டிலும் அந்த மரம்தான் வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் எழுதி, பிழை திருத்தி, அச்சடித்து, அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிற எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும். அது ஊருக்கான புத்தகம். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கிரியை முடிந்து, வீட்டுக்கு வந்த சனமும் கலைந்த பிறகு எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஒரு சின்னப் புத்தகம். அக்கா ஏறின மரம், நட்ட மரம், வெட்ட விடாமல் சண்டை பிடித்த மரம், இவற்றை வைத்து. நான் ஓவியர் இல்லை, ஓ.எல். பரீட்சை வரைக்கும் சித்திரம் படித்ததோடு சரி. அதனால் இதையும் என்னைப்போலக் கை பழகாத ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தூரிகையை எடுக்க முதல் நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. அத்தானிடம், "அக்காவைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்றேன். எழுதித் தந்தார். அன்பே உருவானவள், பண்பிலே சிறந்தவள், இல்லறத்தின் விளக்கு. அப்படியே கல்வெட்டு நடை. அவரில் பிழை இல்லை. இறந்தவரைப் பற்றி எழுது என்றால் யாருடைய கையும் அந்தத் தடத்தில்தான் போகும். பிறகொரு பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்: "முத்தத்து வேம்பில கொடிக்கம்பி கட்டினது ஆர் அத்தான், நீங்களோ அக்காவோ?"

தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கதைத்தார். ஆணி அடிக்கப் போனவரை அக்கா மறித்தது, அதனால் கம்பியைச் சுற்றிக் கட்டினது, ஈரப் பெட்சீற் பாரத்தில் கம்பி தொய்ந்தபோது ஏணி வைத்து ஏறினது தான் இல்லை, அக்காதான் என்பது. கல்யாணம் முடித்த புதிதில் அக்காவின் சேலைக்குப் பக்கத்தில் தன்னுடைய சாரத்தைக் காயப்போடக் கூச்சப்பட்டு, அதைக் கிணற்றடி மதிலில் போட்டு வந்தாராம். இதெல்லாம் எந்தக் கல்வெட்டிலும் வராது.

அதனால் இப்படியொரு புத்தகம் செய்யப்போகிறவருக்கு நான் முதலில் சொல்வது: ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள், மரத்தைப் பற்றிக் கேளுங்கள். அதையும் "அவவுக்கு என்ன மரம் பிடிக்கும்?" என்று கேட்டால் "எல்லா மரமும் பிடிக்கும்" என்பதோடு கதை முடிந்துவிடும். யார் நட்டது, யார் வெட்டச் சொன்னது, யார் விழுந்தது, அதன் கீழே என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சொல்கிறவர் அழுவதற்கு முன்னால் கதை வந்துவிடும். அழுகை வந்தாலும் கதையோடு சேர்ந்து வரும், அது பரவாயில்லை.

அம்மாவிடம் கேட்டபோது, "உனக்கு வேற வேலை இல்லையே பிள்ளை" என்றுதான் முதலில் சொன்னா. வேலியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தா.

வேலி என்றால் கதியால் வேலி. பூவரசு, கிளுவை, கிளிசறியா என்று தழைக்கக்கூடிய மரங்களின் தடியை வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டால் அவை வேர்விட்டு நிற்கும். சாம்பல்தீவுப் பக்கம் எங்கள் வளவுக்குப் போட்டதெல்லாம் பூவரசங் கதியால். அப்பாவோடு சேர்ந்து ஊன்றினது அக்கா. 1990இல், போர்க்காலத்தில், அந்தக் கதியால்களை அப்படியே விட்டுவிட்டுத்தான் ஓடினோம். 2002இல், சமாதான காலத்தில், வளவைப் பார்க்கப் போனபோது வீடு இல்லை, சுவரும் இல்லை, பாதை எது வளவு எது என்றே தெரியாத பற்றை. அக்காதான் கண்டுபிடித்தா. பற்றைக்குள்ளே ஒரே நேர்கோட்டில் பூவரச மரங்கள் நின்றன. தானாக முளைத்த மரம் வரிசையில் நிற்காது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே நடந்து, மூலையில் திரும்பி, கிணற்றடிக்குக் கொண்டுபோய் விட்டா. புத்தகத்தின் முதல் படம் அந்த வரிசைதான். மரம் மரமாக வரையவில்லை. மேலிருந்து பார்த்த வளவின் படம். வேலி இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாகப் பூவரசு, வீடு இருந்த இடம் வெறும் வெள்ளைத் தாள். இதற்குச் சித்திரத் திறமை ஒன்றும் தேவையில்லை, ஒரு அடிமட்டம் போதும்.

துக்கப் புத்தகம் என்றதும் கைக்கு முதலில் வருவது இலை உதிர்ந்த மொட்டை மரம். நானும் இரண்டொரு தாளில் கீறிப் பார்த்தேன். எங்கள் ஊர் மரம் அப்படித் துக்கம் காப்பதில்லை. மாசி பங்குனியில் வேம்பு இலையைக் கொட்டும், பின்னாலேயே செந்தளிர் வந்துவிடும். மொட்டையாக நிற்கிற பஞ்சு மரத்தைப் பார்த்தால் கொப்பு முழுக்கக் காய் தொங்கும். மரத்தைக் குறுக்கே வெட்டி, ஒரு வளையத்துக்கு ஒரு வயது என்று வரைகிற யோசனையும் இங்கே எல்லா மரத்துக்கும் சரிவராது. தேக்கில் வளையம் நன்றாகத் தெரியும், பனையில் வளையமே கிடையாது. குளிர்காலம் உள்ள நாட்டில் உண்டான அடையாளங்கள் அவை. அந்த நாட்டில் வாழ்ந்து இறந்தவருக்கு அவை பொருந்தும்; திருகோணமலை வெயிலில் வளர்ந்த அக்காவுக்கு எதற்கு?

கடைசியில் பூவரசு, வேம்பு, பனை, புன்னை, ஆல் என்று எடுத்துக்கொண்டேன். புன்னை வந்ததற்கு ஒரு கதை உண்டு. கல்வெட்டில் வழக்கம்போல சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் போட்டிருந்தோம். நாம் எல்லாரும் வாய்ப்பாடமாகச் சொல்கிற பதிகம்தான். ஆனால் அச்சுப் பிழை பார்க்க எழுத்து எழுத்தாகப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பாட்டில் மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை என்று கோணமலைச் சோலையை வரிசையாகச் சொல்கிறார். அதே பாட்டின் முன்பாதி, தன்னை வழிபட்ட பிள்ளையின் உயிரை எடுக்க வந்த கூற்றுவனை இறைவன் உதைத்த கதை. சாவையும் சோலையையும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பட்டியலில் எங்கள் வளவுக்குக் கிட்ட நின்றது புன்னை மட்டும். அதன் கொட்டையை அக்கா போளையாக, அதாவது கோலிக்குண்டாக, வைத்து விளையாடுவா.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படம் வரையத் தெரியாதவருக்கு நல்ல வழி மரத்தையே படம் போட வைப்பது. தோலின் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுக்கிற முறை. பள்ளிக்கூடத்தில் காசுக்கு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்களே, அதேதான். போட்டோக்கொப்பிக் கடதாசி கொஞ்சம் தடிப்பு, நுணுக்கம் எல்லாம் மழுங்கிவிடும். அதைவிட மெல்லிய, ஆனால் இழுத்தால் கிழியாத தாள் வேண்டும். பட்டம் கட்டுகிற ரிஷூத் தாள் வேப்பந் தோலில் பட்டதும் கிழியும். மெழுகுக் கிறயோனின் மேலுறையை உரித்துவிட்டு, முனையால் இல்லாமல் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். ஒரே திசையில், மெதுவாக. தாளை நூலால் மரத்தோடு சுற்றிக் கட்டுங்கள். ஒட்டும் ரேப் மரத்தூளில் நிற்காது. ஒருவர் பிடிக்க, ஒருவர் தேய்ப்பது நல்லது. கச்சான் காற்றுக் காலமென்றால் விடியப்புறமே முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் தாள் பாயாகப் பறக்கும். மாரியில் தோல் ஈரமாக இருக்கும், கிறயோன் வழுக்கும். தொடங்குவதற்கு முன் முசுறு எறும்பு இருக்கிறதா என்று மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா மரமும் ஒரே மாதிரி வராது. வேம்பு நீள நீளமான வெடிப்பாக அருமையாக வரும். புன்னையின் தோல் வெடிப்பு சின்னச் சின்ன வள்ளம் போன்ற வடிவம், தாளில் தோணித்துறை மாதிரி விழுந்தது. பனையில் பழைய மட்டைகள் இருந்த தழும்பு வளையம் வளையமாக வரும். ஆல் ஏமாற்றும். அவ்வளவு பெரிய மரத்தின் தோல் கிட்டத்தட்ட வழுவழுப்பு, தேய்த்தால் வெறும் மங்கல்தான்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு ஆகவும் பிடித்த இரண்டு பக்கம் வேம்பும் பனையும். அத்தான் சொன்ன கொடிக்கம்பியைத் தேடிப் போனால், கம்பி மரத்தைச் சுற்றி இல்லை, மரத்துக்குள்ளே இருக்கிறது. ஒரு பக்கம் தோலுக்குள் புகுந்து காணாமல் போய், மறுபக்கம் துருப்பிடித்த நுனியாக வெளியே வருகிறது. புகுகிற இடத்தில் தோல் உதடுபோலத் தடித்து மூடியிருக்கிறது. அதன் மேல் தாளை வைத்துத் தேய்த்தபோது அந்தத் தடிப்பும் கம்பி நுனியும் அச்சாக விழுந்தன. வளவின் எல்லையில் நிற்கிற பனையில் ஷெல் துண்டு பட்ட குழி ஒன்று உண்டு. அக்கா அந்தக் குழிக்குள் விரல் விட்டுக் காட்டுவா. இன்றைக்கும் விரல் போகும். ஒரு நூலளவும் சுருங்கவில்லை.

ஒரு மரம் மூடிவிட்டது, மற்றது ஏன் மூடவில்லை என்று தேடிப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த மாறிழையம்தான் காரணம். வேம்பின் தோலுக்கு அடியில் புதுப்புது மரத்தைக் கட்டிக்கொண்டே போகிற அந்த மெல்லிய படை இருக்கிறது, காயத்தின் ஓரத்திலிருந்து அது உருண்டு வந்து மூடும். பனை, தென்னை, கமுகுக்கு அது கிடையாது. அதனால் பட்ட காயம் பட்டபடியே நிற்கும், மரம் அதோடேயே வளர்ந்து நுங்கும் தரும். வேம்பிலும் உள்ளே புண் ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் அலெக்ஸ் ஷைகோ என்ற மரநோய் ஆய்வாளர் நிறைய மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து 1970களில் எழுதினார்: பழுதான இழையத்தை மரம் திருத்துவதே இல்லை. அதைச் சுற்றிச் சுவர் கட்டி ஒதுக்கிவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. எங்கள் வேம்பைப் பிளந்தால் கம்பி உள்ளே அப்படியேதான் இருக்கும்.

அந்த இரண்டு தேய்ப்பையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தேன். விளக்கம் எழுதவில்லை. எழுத ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன். "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்று செத்தவீட்டில் எத்தனை பேர் வந்து சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதிலாக இந்த இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

பூவரசுக்கு இலை அச்சு. இதை அக்காவின் மகள், என் பெறாமகள், செய்தாள். இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும், அங்கேதான் மை தடவ வேண்டும். பஞ்சில் தொட்டு ஒற்றினால் போதும், தூரிகையால் பூசினால் மை நரம்புக்கு இடையில் தேங்கி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். தாளின் மேல் இலையை வைத்து, அதன்மேல் இன்னொரு தாளை வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். அன்று பறித்த இலை வழுக்கும். ஒரு இரவு புத்தகத்துக்குள் வைத்து வாடின இலை நல்லது. புன்னை இலையும் அச்சடித்தோம். அதன் நரம்புகள் தலைமயிர்போல நெருக்கமாக ஓடும், மையை மிக மெல்லியதாகத் தொட்டால்தான் தெரியும். இடையில் பெறாமகள் ஒரு பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினாள். "அம்மா பழக்கினது சித்தி" என்றாள். அந்தச் சுருட்டிய இலையைப் பிரித்து அதையும் அச்சடித்தோம். சுருட்டின மடிப்பு கோடாக விழுந்திருக்கிறது, நன்றாக உற்றுப் பார்த்தால் பல் பட்ட இடமும்.

பூவரசம் பூவுக்கு மட்டும் நீர்வர்ணம் எடுத்தேன். காலையில் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு; பொழுது சாயச் சாய முழுப்பூவும் செங்கல் நிறத்துக்கு வந்து விழும். காலையில் தொடங்கிப் பின்னேரம் முடிக்கலாம் என்று நினைத்தால் பூ உங்களுக்காகக் காத்திருக்காது. காலையில் ஒரு பூ, மாலையில் ஒரு பூ என்று இரண்டாகவே வரைவது சுகம்.

ஆலமரம் கோட்டைக்குள் நிற்கிற ஆலமரம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மான்கள் படுத்திருக்க, அக்கா எங்களை அந்த நிழலில் உட்காரவைத்துக் கச்சான் கடலை உரித்துத் தருவா. தோல் தேய்ப்புக்கு உதவாததால் விழுதுகளை மெழுகுதிரியால் வரைந்தேன். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு, வரையும்போது ஒன்றும் தெரியாது. பிறகு மேலே தண்ணீர் கலந்த மையை இழுத்தால் மெழுகு பட்ட இடமெல்லாம் மையை விலக்கி வெள்ளை விழுதாக நிற்கும். மையும் வீட்டில் செய்ததுதான். நாட்டு மருந்துக்கடைக் கடுக்காயை இடித்து அவித்து, அந்தச் சாற்றில் துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்டால் கறுத்துவிடும். தாளில் வைக்கும்போது சாம்பல் நிறம், காயக் காயக் கறுப்பு. இந்த மையைத் தடிப்பாகப் பூசினால் காலப்போக்கில் தாளையே அரிக்கும், தண்ணீர் தாராளமாகச் சேருங்கள்.

அக்காவின் முகத்தை வரையவில்லை. கல்வெட்டில் படம் இருக்கிறது, போதும். சொற்களும் கொஞ்சம்தான், அவரவர் சொன்னபடியே பேச்சுத் தமிழில். அத்தானின் சாரக் கதை வேம்புக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எழுத்துத் தமிழாக்கினால் அது அத்தான் இல்லை.

அச்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஏ5 அளவு கைக்கு அடக்கம். படத்தை அச்சாகப்போகிற அளவில் குறைந்தது 300 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். ஸ்கானரின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய தேய்ப்பை அழுக்கு என்று நினைத்து வெளுப்பாக்கிவிடும். மடிப்புப் பக்கம் தாராளமாக இடம் விடுங்கள், முக்கியமான கோடு ஒன்றும் அங்கே வரக்கூடாது. தேய்ப்புப் படங்களைக் கறுப்பு மையால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நாலு மையும் கலந்து அடித்தால் கறுப்பு பழுப்பாகவோ பச்சையாகவோ சாயும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் கட்டாயம் அதைத்தான் காட்டுவார், கல்யாண அல்பத்துக்கு அது சரி. மினுக்கம் இல்லாத 120 கிராம் தாளில்தான் மரத்தோல் மரத்தோலாகத் தெரியும். முழுத்தொகையும் அடிக்க முதல் ஒரு பிரதி அடித்துப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

மூலத் தாள்களை லமினேற் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் மெழுகு உருகிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் எண்ணெய்த் தாள் வையுங்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் கிறயோன் அடுத்த தாளில் ஒட்டும்.

புத்தகம் வந்ததும் அத்தான் வேம்புப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, "முருங்கையை விட்டிட்டாய்" என்றா. அக்கா சின்ன வயதில் முருங்கைக் கொப்பு முறிந்து விழுந்ததையும், கை வீங்கினதையும், அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்ததையும் அன்றைக்குத்தான் சொன்னா. சேர்க்கத்தான் வேண்டும். முருங்கைத் தோல் மெத்தென்று இருக்கும், கிறயோனை அழுத்தாமல் தேய்க்க வேண்டும். நாலு பக்கமாகத்தான் கூட்ட முடியும் என்பதால் முருங்கை மட்டும் போதாது. இன்னும் என்ன மரம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.